வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சாவி

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு
ஓக்ஸ்னர் வருவார்,
டார்ச்சோடும் நான்கு பக்கப் படிவத்தோடும்.
அதற்குள் இந்தச் சமையல் மேடை
நாங்கள் குடிவந்த நாளின் கருப்புக் கிரானைட்டாகிவிட வேண்டும்.
முன்பணம் இரண்டாயிரத்து நூறு யூரோ.

குழாய்க்குப் பின்னால், துணி எட்டாத மூலையில் வெள்ளை.
நகக்கீற்றாகத் தொடங்கி
உள்ளங்கை அகலத்துக்கு வந்திருக்கிறது.
ஈரத்தில் ஒளிந்துகொள்ளும்.
காய்ந்ததும் வந்து நிற்கும்,
கடன் கொடுத்தவர் மாதிரி.

நான்கு வருடமும் சொட்டியது.
"நாளைக்கு வாஷர் மாற்றிவிடுகிறேன்" என்பான் டெட்லெஃப்.
நாளைக்கு என்பது அவனுக்கு ஒரு கிழமையின் பெயர்:
செவ்வாய், புதன், நாளைக்கு.
எறும்பு ஊரக் கல்லும் தேயுமாம்.
எங்கள் வீட்டில்
சொட்டச் சொட்டக் கல் வளர்ந்தது.

வூர்ட்ஸ்பர்க் தண்ணீர் அப்படி.
திராட்சைச் சரிவுகளுக்கு அடியில்
சிப்பிகள் செத்துக் கல்லாகிப்போன பழைய கடற்தரை.
அதைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான்
குழாய்க்கே வருகிறது.
கெட்டிலுக்குள் ஓடு, ஷவரின் கண்களில் ஓடு,
இஸ்திரிப் பெட்டியின் மூக்கில் ஓடு.
கடல் பார்க்க அரைநாள் ரயிலில் போகவேண்டிய ஊரில்
தேநீரின் மேல் மிதக்கிறது கடல்.

திங்கட்கிழமை வினிகர் ஊற்றினேன்.
நுரைத்தது. நுரைப்பதைப் பார்க்க
எவ்வளவு சந்தோஷம்!
விசிலடித்துக்கொண்டே துடைத்தேன்.
காய்ந்தபின் குனிந்து பார்த்தால்
வெள்ளையில் பாதி போயிருந்தது,
அந்தப் பாதியில் பளபளப்பும் போயிருந்தது.
மேடை முழுக்க விளக்கின் முகம் தெரிகிறது,
அங்கே மட்டும் இல்லை.

"வினிகரா?" என்றான் கடைப் பையன்,
எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்க்கும் டாக்டரின் குரலில்.
கல்லின் மேல்பூச்சையே தின்றுவிடுமாம்.
சோடா மாவு ஒரு டப்பா கொடுத்தான்.
போனது வராது, இருப்பதையாவது
மெதுவாக எடுங்கள் என்றான்.

மாவைக் குழைத்து அப்பி
மேலே பிளாஸ்டிக் தாள் மூடி
ராத்திரி முழுக்க ஊறவிட்டேன்.
காலையில் காலாவதியான நூலக அட்டையால் சுரண்டல்.
உமியளவு உதிர்ந்தது.
மறுபடி அப்பினேன்.
நாங்கள் பேசிக்கொள்ளாத ஒரு மார்ச் மாதம் உண்டு,
அதுவும் இதில் எங்கோ ஒரு படலம்.
அந்த மாதம் இந்த வீட்டில்
குழாய் மட்டும்தான் பேசியது.

வியாழன் சாயங்காலம்
வெள்ளை முழுக்கப் போன இடத்தில்
புதிதாக ஒரு சொட்டு வந்து உட்கார்ந்தது.
போய் வாஷர் வாங்கி வந்தேன்.
எண்பது சென்ட்.
ஒன்பது நிமிடம்,
ஸ்பேனர் தேடிய நான்கு நிமிடத்தையும் சேர்த்து.
சிரித்தேன்.
நல்ல சிரிப்பு என்று சொல்லமாட்டேன்.

ஓக்ஸ்னர் டார்ச்சை எடுக்கவேயில்லை.
கன்னத்தைக் கல்லோடு வைத்து
ஒற்றைக் கண்ணால் பார்த்தார்,
பில்லியர்ட்ஸ் ஆடுகிறவர் போல.
"வினிகர்" என்றார். கேள்வியில்லை.
எழுதிக்கொண்டார்:
குழாய்க்கு இடப்புறம், மங்கல், பாதி உள்ளங்கை,
நூற்றிருபது யூரோ.

பேனாவை மூடியவர் அப்படியே நின்றார்,
தலையைச் சாய்த்து.
"என்ன, சத்தத்தையே காணோம்?"
வாஷர் மாற்றினேன் என்றேன்.
"உங்களுக்கு முன்னால் இருந்தவரும்
சொல்லிக்கொண்டே இருந்தார்" என்றார்.
நானும் நாளைக்கு நாளைக்கு என்று...
மிச்சத்தை அவர் சொல்லவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

அவர் மீட்டர் பார்க்கப் போன நேரத்தில்
விரலை நனைத்து
அந்த மங்கலின் மேல் ஒரு கோடு இழுத்தேன்.
கருப்பாக மின்னியது, பழையபடி.
சாவிகளைப் பக்கத்தில் வைத்தேன்,
பெட்டிச் சாவியையும் சேர்த்து மூன்று.
காயும்வரை நிற்கவில்லை.